எங்க நின்னுச்சு?

ஒரு டிரைவரைப் பார்த்தால் மற்றவர்கள் சௌக்கியமா என்பார்கள், சாப்பிட்டாச்சா என்பார்கள். எங்கள் ஊர் வண்டிப் பட்டறை மேஸ்திரி கேட்பது ஒன்றுதான்: "எங்க நின்னுச்சு?"

வண்டி வழியில் எங்கே பழுதாகி நின்றது என்று அர்த்தம். எங்கேயும் நிற்கவில்லை என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். "நிக்காத வண்டின்னு ஒண்ணு இருக்குதா சாமி? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார். யோசித்து, போன மாதம் மோகனூர் ரோட்டில் பெல்ட் அறுந்தது என்று எதையாவது சொன்னால்தான் விடுவார். உடனே எழுந்து போய்ச் சாக்பீஸை எடுப்பார்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் அவருடைய பட்டறை இருந்தது. எழுபதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். தகரக் கொட்டகை, முன்னால் ஒரு புளியமரம், எஞ்சினைத் தூக்க அந்த மரத்தில் தொங்கும் சங்கிலிக் கப்பி. இரண்டு பக்கமும் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். பொழுதுக்கும் மரம் அறுக்கும் சத்தமும் சம்மட்டிச் சத்தமும்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே ரோட்டில் போகிற ஒரு வண்டியின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டு, அது யாருடைய வண்டி, அதற்கு என்ன சீக்கு என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்.

கொட்டகையின் பின்சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'மூக்கு', வலப்பக்கம் 'மொட்டை'. அப்போது எங்கள் பக்கம் ஓடிய சின்ன டீசல் பிக்கப் வண்டிகள் இரண்டு ஜாதி. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு வண்டி. டிரைவர் எஞ்சின்மேலேயே உட்கார்ந்து ஓட்டினால் மொட்டை வண்டி. எந்த வண்டி எந்த இடத்தில் எதனால் நின்றது என்று கோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார். 'பரமத்தி மேடு, டீசல் பைப்.' 'மல்லூர், கிளட்ச்.' 'ஆண்டகளூர் கேட், தெரியல.' அந்தத் 'தெரியல'வை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுவார். காரணம் தெரியாமல் ஒரு வண்டி நின்றது என்றால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

மாட்டை விற்றுவிட்டு வண்டி வாங்கலாம் என்று கிளம்பியவர்கள் எல்லோரும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். கோழிப்பண்ணை பெருகிக்கொண்டிருந்த காலம். முட்டைக்கும் தீவனத்துக்கும் வண்டி வேண்டியிருந்தது.

"மேஸ்திரி, மூக்கா மொட்டையா? ஒரே வார்த்தையாச் சொல்லிப்போடுங்க."

"ஒரே வார்த்தையா எப்பிடிங்க சொல்றது? மூக்கு வண்டி சொல்லிட்டு நிக்கும். ஒரு வாரத்துக்கு முந்தியே பொகை கக்கும், மொனகும், தண்ணி குடிக்கும். காது இருக்கறவனுக்கு அது போதும். மொட்டை வண்டி ஒண்ணுஞ் சொல்லாது. நல்லாப் போய்க்கிட்டே இருக்கும், பொசுக்குனு நின்னுபோகும். ஆனா அரை மணி நேரத்துல எந்திரிச்சுக்கும். உங்களுக்கு எது தோதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"நிக்கவே நிக்காததா ஒண்ணு வேணுமுங்க."

"அப்ப வாங்கி ஊட்டு முன்னால நிறுத்தி வெச்சுக்கோங்க. ஓட்டாதீங்க."

ஆசையோடு வந்தவர்கள் பாதிப் பேர் முகம் தொங்கித்தான் திரும்புவார்கள். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கின வண்டி யாரையும் ஏமாற்றியதில்லை. எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அது ஏமாற்றமில்லையே.

இந்தப் புத்தி அவருக்கு வண்டியோடு நிற்கவில்லை. சந்தைக்குப் போனால் இரண்டு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பார். பஸ்ஸுக்குப் போனால் இரண்டு பஸ்ஸின் டயரையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அதற்குள் இரண்டுமே போயிருக்கும். அவர் சம்சாரம் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவரும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கப்பனுக்குச் சந்தேகந் தம்பி. மாப்பிள்ளை பொண்ணையே பாக்கல. மாமியாளுக்கு என்ன சீக்கு, பெரியாயாளுக்கு என்ன சீக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"கேக்காம எப்பிடிக் கட்டறது" என்பார் அவர், வண்டிக்கு அடியில் படுத்தபடியே.

"கேட்டு என்ன கண்டீங்க?"

"ஒரு சீக்கும் இல்லைன்னாங்க. அதான் பயமா இருந்துச்சு."

அக்கா சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு ஐந்து ஏக்கர் பூமி, வற்றிப்போன கிணறு. நானும் மாட்டை விற்றுவிட்டு ஒரு பழைய மூக்கு வண்டி வாங்கினேன். அவர்தான் பார்த்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் குறையில்லாமல் ஓடியது. வாரத்துக்கு மூன்று நாள் சேலம் செவ்வாப்பேட்டைக்கு முட்டை கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆனி மாதம் அவர் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குபுகுபுவென்று காற்று அடித்தது, எஞ்சின் உள்ளே தேய்ந்துபோனதற்கு அதுதான் அடையாளம்.

"தம்பி, இதையச் சேலத்துக்குக் கொண்டு போகாத. புதுச்சத்திரந் தாண்டாது. உள்ளூருக்குள்ள ஓட்டிக்க. எஞ்சினை முழுசாத் தொறக்கோணும். இப்ப என்னால ஆகாது, நாலு வண்டி நிக்குது பாரு. ஆவணி ஆயிரும்."

ஆவணி வரை செவ்வாப்பேட்டை முட்டை வியாபாரி காத்திருப்பாரா? பண்ணைக்காரர்கள்தான் காத்திருப்பார்களா? வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள், எனக்குப் போன சவாரி போனதுதான். அதனால் ஆடி பிறந்ததும் யாருக்கும் சொல்லாமல் வண்டியைச் சங்ககிரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சம்சாரத்தின் ஊரில் கோயில் நோம்பி என்று சொல்லிவிட்டு எட்டு நாள் அங்கேயே கிடந்தேன். அங்கே ஒரு மெக்கானிக், சின்ன வயசு, எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதிதாக்கிக் கொடுத்தான். திரும்பி வரும்போது வண்டி மேடென்றும் பள்ளமென்றும் பார்க்காமல் வந்தது.

ஏன் மறைத்தேன் என்று இன்றைக்கு வண்டி வைத்திருக்கிறவர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அன்று ஒரு வண்டிக்கு ஒரு கைதான். ஒருவர் பார்க்கிற வண்டியை இன்னொருவர் திறந்தால், உங்களுக்குத் தொழில் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு பழைய ஆள் அந்த வண்டியைத் தொட மாட்டார். சண்டை போட மாட்டார், பேசாமல்கூட இருக்க மாட்டார். தொட மாட்டார், அவ்வளவுதான். அவர் என் வண்டியைத் தொடாமல் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஒளிந்து திரிந்தேன். என் வண்டிச் சத்தம் அவர் காதில் விழக்கூடாது. சத்தத்தைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். பரமத்தி ரோட்டுப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிப் போனேன். அவர் வீடு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்ததால் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவேன். கிளம்பும்போது அவர் பட்டறைக்குப் போன பிறகு கிளம்புவேன், அவசரமென்றால் தெருவைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போவேன். திருட்டுக் கல்யாணம் செய்துகொண்டவன் பாடு என் பாடு. ஆவணியில் அவரே கூப்பிட்டு, "வண்டியக் கொண்டா, தொறந்தரலாம்" என்றார். "உள்ளூர்லதானுங்ணா ஓட்டறேன், தை போகட்டுமுங்க" என்று மழுப்பினேன். என் சம்சாரம், "சொல்லிப்போடுங்க, ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கிட்டு இருப்பாரு, அப்பறஞ் சரியாப் போகும்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு நாள். பெரிய முகூர்த்தம், ஊரில் இருந்த இரண்டு வாடகைக் காரும் விடியுமுன்பே கல்யாணத்துக்குப் போய்விட்டன. அக்காவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. அன்று காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்திருக்கும் போலிருக்கிறது, உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். உட்கார முடியாது, படுக்க வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். நான் அப்போது வண்டியில் முட்டைப் பெட்டி ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்து சொன்னதும் பெட்டிகளைப் பண்ணையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வந்தேன். வந்தவன், பழக்க தோஷம், தெருமுனையில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்து அவர் வாசலில் நிறுத்தினேன். மணி ஏழு.

அக்காவைக் கயிற்றுக் கட்டிலில் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர், பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். அவர் என் வண்டியின் முன்னால் வந்து நின்று அதையே பார்த்தார்.

"இது ஆகாது" என்றார்.

"போயிருமுங்ணா. போலாமுங்க."

"புதுச்சத்திரம் தாண்டாதுன்னு நாந்தான சொன்னேன். தீவன மில்லு வண்டி மோகனூருக்கு லோடு எறக்கப் போயிருக்குது. எட்டு மணிக்கு வந்துரும். ஆள் விட்டிருக்கறேன். அது நான் பாத்து வாங்கிக் குடுத்த வண்டி, இன்னும் ஒரு வருசத்துக்கு எங்கியும் நிக்காது."

கட்டிலில் இருந்து அக்கா சன்னமாகச் சொன்னது: "எதுலயாச்சும் ஒண்ணுல போலாமுங்க."

அவர் குனிந்து அதன் நெற்றியைத் துடைத்தார். "நடுரோட்ல நின்னுபோச்சுன்னா உன்னைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சித்த பொறுத்துக்க."

வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. எஞ்சினைத் திறந்தாச்சுங்ணா, சங்ககிரியில், ஆடி மாசம். ஐந்தாறு வார்த்தை. ஆனால் அந்த ஏழெட்டுப் பேர் முன்னால், அவருடைய ஆட்கள் இரண்டு பேர் முன்னால், உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவனிடம் கொண்டுபோனேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரம்தானே, மில் வண்டி வந்துவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

"சரிங்ணா" என்றேன்.

மில் வண்டி எட்டு மணிக்கு வரவில்லை. எட்டரைக்குச் சொல்லியிருக்கலாம். ஏழு மணிக்குச் சொல்லாததை எட்டரைக்குச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அதைவிடக் கஷ்டம். அவர் ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மில் வண்டி ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அது வழியில் நிற்கவில்லை. முகூர்த்த நாள் என்று மூட்டை இறக்குகிற ஆட்கள் வரவில்லை, அதனால் தாமதம். அவர் சொன்ன மாதிரியே அந்த வண்டி சேலம் வரைக்கும் ஒரு இருமல்கூட இருமாமல் போனது. நானும் பின்னால் உட்கார்ந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு போனேன். மல்லூர் தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இரண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார். சாயங்காலம் அக்கா போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து அவர் பட்டறை திறந்த அன்று நான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, அன்னிக்கு உன்ற வண்டியில போயிருந்தா நின்னிருக்குமல்ல?"

இரண்டு கண்ணும் உள்ளே போய், தாடி வளர்ந்து, கையில் ஒரு ஸ்பானரைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து நான் வேறு என்ன சொல்வது?

"நின்னிருக்குமுங்ணா. புதுச்சத்திரமே தாண்டியிருக்காதுங்க."

"நானும் அதான் நெனச்சேன். நடுரோட்ல கெடந்து செத்திருப்பா." தலையை ஆட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரி வரைக்குமாச்சும் கொண்டுபோனமல்ல."

அன்று ஆரம்பித்தது என் பொய். அடுத்த வாரம் பார்த்தபோது, "எங்க நின்னுச்சு?" என்றார். என் வண்டி அன்றைக்குத்தான் நாற்பது பெட்டி முட்டையோடு திருச்செங்கோடு சுற்றிச் சேலம் போய்விட்டு வந்திருந்தது. "பரமத்தி மேட்டுலீங்ணா. டீசல் ஏறலீங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுந்துபோய் மூக்குப் பக்கத்தில் எழுதினார். எதனால் ஏறாது, எங்கே காற்றுப் புகும் என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். தலையாட்டினேன். அடுத்த மாதம் பாலப்பட்டியில் நின்றது. அதற்கடுத்து எருமப்பட்டியில். மாதத்துக்கு ஒரு முறையாவது என் வண்டியை எங்கேயாவது நிறுத்த வேண்டியிருந்தது. எந்த ஊரில் எதனால் நின்றது என்று மறந்துவிடாமல் இருக்க நானே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வேன்.

அவர் வண்டியைக் கொண்டுவரச் சொல்லவில்லை. நானும் கொண்டுபோகவில்லை. அதைத் திறந்து நன்றாக்கிவிட அவருக்கு மனசில்லை என்று பிறகு புரிந்தது. அது நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை வீட்டுக்கே வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். டீசல் பைப்புக்குப் போடும் செம்பு வாஷர்கள். "இதைய மாத்திக்க சாமி, ஒரு மாசம் தாங்கும்" என்றார். இல்லாத நோய்க்கு மருந்து. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் என் சம்சாரத்திடம் காட்ட முடியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

இதில் இன்னொரு கெடுதலும் நடந்தது. அவர் சுவரில் ஒரு பொய் எழுத்து இருந்ததில்லை. மூன்று வருஷத்தில் கோட்டுக்கு இடப்பக்கம் என் பொய்யால் நிறைந்துவிட்டது. மூக்கா மொட்டையா என்று கேட்டு வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னங்க மூக்கு வண்டி இந்த நில்லு நிக்குது" என்று மொட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும், "இப்பெல்லாம் மூக்கு வண்டி சொல்றதில்லீங்க, சொல்லாமயே நின்னுபோகுது" என்று சொல்ல ஆரம்பித்தார். இருபது வருஷமாக அவர் சேர்த்து வைத்த ஒரே சொத்து அந்தத் தீர்ப்புத்தான். அதைக் கெடுத்தது நான். தெரிந்தேதான் கெடுத்தேன். நிறுத்தவும் முடியவில்லை.

பிறகு ஒரு நாள், பட்டறைக்கு வந்த ஒரு லாரி டிரைவர், பேச்சுவாக்கில், என் வண்டியைச் செவ்வாப்பேட்டையில் பார்த்ததாகவும் முட்டை வண்டிகளிலேயே அதுதான் நல்ல ஓட்டம் என்றும் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு நான் பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சேலத்துல ஒரு சோலி. உன்ற வண்டியில வாரேன்."

"நம்ம வண்டி எங்கீங்ணா சேலம் போகும். நீங்க பஸ்ஸுல..."

"நின்னா நிக்கட்டும். நாந்தான் கூட இருக்கறனே."

ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊரைத் தாண்டினோம். இந்த வண்டி சேலம் போய்ச் சேரக்கூடாது. அந்த ஒரு எண்ணம்தான். அந்த நாளில் டீசல் வண்டியைச் சாவியால் அணைக்க முடியாது. டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டாப்பர் என்று ஒரு கம்பி இருக்கும், அதை இழுத்தால் டீசல் நின்று எஞ்சின் அணையும். புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மேடு. அதில் ஏறும்போது கையைக் கீழே விட்டு மெதுவாக ஸ்டாப்பரை இழுத்தேன். எஞ்சின் திக்கித் திணறி நின்றது. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வண்டியை ஓரங்கட்டியதில்லை.

"பாத்தீங்களாண்ணா. இதேதானுங்க. இங்கியேதானுங்க நிக்குது."

அவர் கீழே இறங்கினார். பானட்டைத் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்டாப்பரைப் பார்த்தார். ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினார்.

"இப்ப எடு" என்றார்.

எடுத்தேன். ஆண்டகளூர் கேட் வந்தது, போனது. மல்லூர் வந்தது, போனது. செவ்வாப்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில், "நேராப் போ" என்றார். பெரியாஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை.

"மணி என்ன?"

"எட்டுங்ணா."

அவர் கணக்குப் போட்டுக்கொண்டது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. அன்று ஏழு மணிக்கு என் வண்டி அவர் வாசலில் நின்றது. எட்டரைக்கு இங்கே வந்திருக்கும். மில் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததே அதற்கு ஒன்றேகால் மணி நேரம் கழித்து.

"எப்பத் தொறந்தே?"

"அந்த வருசம் ஆடியிலீங்ணா. சங்ககிரியில."

"நல்ல கை" என்றார். பிறகு, "பரமத்தி மேடு?"

"பொய்யுங்ணா."

"பாலப்பட்டி?"

"அதும் பொய்யுங்க."

"எருமப்பட்டி? வாஷர் குடுத்தனே?"

"எல்லாமே பொய்யுங்ணா."

ஆஸ்பத்திரிக்குள் ஒரு மாட்டு வண்டி போனது. யாரோ ஒரு கிழவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அது உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி அன்னிக்குச் சொல்லல?"

"அத்தனை பேர் இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாம வேற ஆள்கிட்டக் கொண்டுபோனேன்னு எப்பிடிங்ணா சொல்றது? நீங்க அப்பறம் என்ற வண்டியத் தொட மாட்டீங்கன்னு..." ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்:

"நீ உருட்டிட்டு வந்து நிறுத்துனயல்ல? எஞ்சின் எடுக்க மாட்டீங்குது, அதான் உருட்டிட்டு வாரான்னு நெனச்சேன். ஒரு தடவை எஞ்சினை எடுடான்னு சொல்லிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். நான் கேக்கல பாரு."

இவ்வளவுதான் பேசினார். "முட்டை எறக்கோணுமல்ல, திருப்பு" என்றார். செவ்வாப்பேட்டையில் நான் பெட்டிகளை இறக்கும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பாதி வழியில் என் தோள்மேல் கையை வைத்தார். ஏன் வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாங்க முடியாமல் வைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு வண்டி பார்த்துக் கொடுக்கப் போவதை விட்டுவிட்டார். மூக்கா மொட்டையா என்று யாராவது வந்தால், "என்னையக் கேக்காதீங்க, வேற ஆளப் பாருங்க" என்பார். கையில் இருக்கிற வேலையை மட்டும் செய்வார். டிரைவர்களை ஒன்றும் கேட்க மாட்டார். தெருவில் எதிரே வந்தால் என்னிடம் மழையைப் பற்றியோ கோழியைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசுவார். அப்படி நாலைந்து வருஷம் இருந்தார். எண்பதுகளில் ஒரு நாள் பட்டறைக்குப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

என் வண்டி அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஓடியது. விற்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் மனசில்லை. சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் குமாரபாளையத்துக்கும் வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் ஓட்டினேன். வேண்டுமென்றே அதிகப் பாரம் ஏற்றினேன், ஆயில் மாற்றாமல் விட்டேன். ஒவ்வொரு மேட்டிலும் இன்றைக்காவது நின்றுவிடு என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் அது நிற்கவில்லை.